பலகை இல்லாத பத்து நாட்கள்

அக்டோபர் 17, செவ்வாய்

ஜார்க்கண்டிலிருந்து புது ஆட்கள் பதினோரு பேர் வந்திருக்கிறார்கள். எனக்கு இந்தி தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அதில் பாதிப் பேருக்கு இந்தியே அரைகுறைதானாம், பேசுவது சந்தாலியாம். தெரிந்திருந்தாலும் பயனில்லை. சாயப்பட்டறைக்குள் மிஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. இங்கே எல்லாருக்கும் பொதுவான பாஷை நான் வரைந்து மாட்டியிருக்கும் படப்பலகைகள்தான். இதைச் சொன்னால் தற்பெருமை என்பாள் என் மனைவி வசந்தாமணி. தற்பெருமைதான். பத்தொன்பது வருஷத்தில் நாற்பத்திரண்டு பலகை வரைந்தவனுக்கு அதுகூட இருக்கக் கூடாதா?

புது ஆட்களுக்கு நான் வைக்கும் பரீட்சை இதுதான். ஒவ்வொரு பலகைக்கு முன்னும் அவர்களை நிறுத்துவேன். நானும் பேச மாட்டேன், அவர்களையும் பேச விட மாட்டேன். படம் என்ன சொல்கிறது என்று நடித்துக் காட்ட வேண்டும். தப்பாக நடித்தால் தப்பு என்னுடையது. அந்தப் பலகையைக் கழற்றி வேறு மாதிரி வரைவேன். கையுறைப் பலகையை அப்படி மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். முதலில் வரைந்ததைப் பார்த்து ஒருவன் குந்தி உட்கார்ந்து பால் கறந்து காட்டினான்.

இன்று எல்லாம் சரியாக வந்தது. நீராவிக் குழாய்ப் பலகையைப் பார்த்து ஒருவன் விரலை உதறி ஊதிக்கொண்டான். கடைசியாகக் கழிவுத் தொட்டி அறை வாசலில் மண்டையோட்டுப் பலகை. உள்ளே விஷவாயு தங்கும். முகமூடியும் இடுப்புக் கயிறும் மேலே ஒரு ஆளும் இல்லாமல் இறங்கினால் பிணம்தான். ஒருவன் அதைப் பார்த்தான், தொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான், அப்படியே சிமெண்டுத் தரையில் சாய்ந்து காலை உதறினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நூற்றுக்கு நூறு.

வசந்தாமணிக்கு மறுபடியும் முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது, நாளை வாங்க வேண்டும்.

அக்டோபர் 19, வியாழன்

நாலாம் நம்பர் பிரஷ் மூன்று கேட்டு எழுதிக் கொடுத்தேன். ஒன்று வந்தது. அதுவும் ஆறாம் நம்பர்.

அக்டோபர் 21, சனி

மேனேஜர் ரத்தினசபாபதி காலையிலேயே பெயிண்ட் ரூமுக்கு வந்தார். அவர் அங்கே வந்தால் எனக்கு வேலை வருகிறது என்று அர்த்தம்.

"ஏனுங்க குழந்தைவேலு, அந்த மண்டை ஓட்டு போர்டைக் கழட்டி வெச்சுருங்க. திங்கக்கெழமை பூசைக்கு மொதலாளி ஊட்டுல அத்தன பேரும் வாராங்க. புது மருமக மொத மொதலா வருது. நல்ல நாளும் அதுவுமா மண்டை ஓட்டுல முழிச்சா நல்லாவா இருக்கும்?"

"வேண்டாமுங் சார். வடக்கத்தி ஆளுகளுக்கு அது ஒண்ணுதான் புரியும்."

"பக்கத்துலயே தமிழ்ல 'அபாயம்'னு பெருசா எழுதியிருக்குதல்ல?"

"தமிழ் படிக்கத் தெரிஞ்சவன் எவனுங்க அங்க வேலை பாக்கறான்?"

"அட, மூணு நாளு. ஆயுத பூசைக்கு எல்லா போர்டுக்கும் சந்தனம் குங்குமம் வெப்போம். மண்டை ஓட்டுக்கும் பொட்டு வெக்கறீங்களா? பூசை முடிஞ்சதும் மாட்டிக்குங்க, போங்க."

பொட்டு வைத்த மண்டையோட்டை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு என்ன வாதாடுவது? ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். நான்கு போல்ட்டு. துருவேறியிருந்தது, மண்ணெண்ணெய் விட்டுத் திருகினேன். பலகையைப் பெயிண்ட் ரூமில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மாட்டிவிட வேண்டும்.

அக்டோபர் 23, திங்கள்

பூஜை நன்றாக நடந்தது. வாழைக்கன்று, மாவிலை, பொரிகடலை எல்லாம் வழக்கம்போல. முதலாளியின் மருமகள் பலகைகளை ஒவ்வொன்றாக நின்று பார்த்தது. பெரிய படிப்புப் படித்த பெண்ணாம்.

"இதெல்லாம் யாருங்க வரைஞ்சது? ஒரு எழுத்துகூட இல்லாம எல்லாம் புரியுதே!" என்றது. மேனேஜர் என்னை முன்னால் தள்ளினார். நான் கைகூப்பினேன்.

"வெளிநாட்டு பையர்ஸ் தீபாவளிக்கு முன்னாடி வர்றாங்க. புது ஷெட்டு வாசல்ல ஒரு பொண்ணு கைகூப்பி வரவேற்கிற மாதிரி ஆளுயரத்துக்கு வரைஞ்சு தருவீங்களா அண்ணா?"

அண்ணா என்றது. பத்தொன்பது வருஷத்தில் அந்த வீட்டார் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நாளைக்கே ஆரம்பிக்கிறேன் என்றேன்.

அக்டோபர் 26, வியாழன்

சேலை மடிப்பு வந்துவிட்டது. முகத்தை இரண்டு தடவை அழித்தேன். கவின்மதி ஹாஸ்டலில் இருந்து பேசினாள். நர்சிங் கடைசி வருஷம், ராத்திரி பகலாகப் படிக்கிறாளாம். அப்பா படம் வரையறேன் கண்ணு, சும்மா போர்டு இல்ல, படம் என்றேன். போட்டோ அனுப்பச் சொன்னாள்.

அக்டோபர் 29, ஞாயிறு

விடுமுறையிலும் போய் வரைந்தேன். விரல்கள் ஒத்துவரவில்லை. கைகூப்பும் விரல்கள் கஷ்டம்.

அக்டோபர் 31, செவ்வாய்

எழுத முடியவில்லை.

நவம்பர் 1, புதன்

நேற்று காலை பதினொன்றரைக்குக் கழிவுத் தொட்டி மோட்டாரில் துணிக்கழிவு அடைத்துக்கொண்டது. அதை எடுக்கப் புது ஆள் ஒருவன் தொட்டிக்குள் இறங்கினான். முகமூடி இல்லை, கயிறு இல்லை. கூட இருந்தவன் வாளி எடுத்துவரப் போயிருந்தான். திரும்பி வந்தபோது அவன் தண்ணீரில் முகம் குப்புறக் கிடந்தான். சோம்ராய் டுடு. வயது இருபத்திரண்டு. பெயர் எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

தூக்கி எடுத்தபோது நான் புது ஷெட்டில் இருந்தேன். அப்புறம் மேனேஜர் வந்து கூப்பிட்டார். கொஞ்ச நேரம் வேலை இருந்தது. ஒரு மணிக்குப் போலீஸ் வந்தது, பிறகு அதிகாரிகள் வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். பலகை இருக்கிறது. போட்டோவில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் வசந்தாமணி, "கையெல்லாம் என்ன மண்ணெண்ணெய் வாடை?" என்றாள். பிரஷ் கழுவினேன் என்றேன்.

நவம்பர் 2, வியாழன்

மீதிப் பத்துப் பேரையும் ஆள் அனுப்பும் காண்டிராக்டர் ஜெயபிரகாஷ் வேறு ஊர்ப் பட்டறைக்கு வேனில் ஏற்றி அனுப்பினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். வேனின் கண்ணாடி ஏற்றியிருந்தது. உள்ளே லக்கன் என்பவன், வாளி எடுக்கப் போனவன், என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் தட்டினான். ஏதோ சொன்னான். ஒன்றும் கேட்கவில்லை. உடனே அவன் பேசுவதை நிறுத்திவிட்டுத் தன் தொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கண்ணைச் செருகிப் பக்கத்தில் இருந்தவன்மேல் சாய்ந்தான். நிமிர்ந்து தொட்டி அறைப் பக்கம் விரல் நீட்டினான். அன்றைக்குப் பரீட்சையில் விழுந்து நடித்தவன்தான் செத்தவன் என்கிறான்.

பிறகு இரண்டு கை விரல்களாலும் காற்றில் ஒரு சதுரம் போட்டான். பலகை. கைகளை விரித்துக் காட்டினான். இல்லை. இன்னொரு தடவை சதுரம், இன்னொரு தடவை விரித்த கை. வேன் நகர்ந்த பிறகும் பின்கண்ணாடிக்கு வந்து அதையே செய்தான்.

எனக்குப் புரியவில்லை என்று ஜெயபிரகாஷிடம் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

நவம்பர் 3, வெள்ளி

அவனுடைய அம்மா வந்துவிட்டாள். பெயர் மாய்னோ. கூட சித்தப்பா பைத்யநாத். இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். அம்மாவுக்குச் சந்தாலி மட்டும்தான். சித்தப்பாவுக்குக் கொஞ்சம் இந்தி வரும். ஜெயபிரகாஷ் இந்தியில் சித்தப்பாவிடம் சொல்ல, சித்தப்பா சந்தாலியில் அவளிடம் சொல்லவேண்டும். ஜெயபிரகாஷ் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. சித்தப்பா என்ன சொல்கிறார் என்று ஜெயபிரகாஷுக்குத் தெரியாது.

மேனேஜர் அவர்களை முதலில் தொட்டி அறைக்குத்தான் கூட்டிப்போனார். "நீங்களும் வாங்க குழந்தைவேலு, நீங்க வரைஞ்சதுதானே" என்றார். பலகைக்கு முன்னால் நிறுத்தி, கையால் தட்டிக் காட்டினார். தமிழும் இந்தியும் சந்தாலியும் எதுவும் தேவைப்படவில்லை. அவள் பார்த்தாள். மண்டையோடு, கீழே தொட்டி, தொட்டிக்குள் இறங்கும் ஆள், குறுக்கே சிவப்புக் கோடு. ஐந்து வினாடி ஆகியிருக்காது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

பத்தொன்பது வருஷத்தில் என் படம் இவ்வளவு வேகமாக யாருக்கும் புரிந்ததில்லை.

அதுவரைக்கும் அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டாள். சித்தப்பாவிடம் ஏதோ கேட்டாள். அது ஜெயபிரகாஷ் வரைக்கும் வந்து சேர்ந்தது.

"இவ்வளவு தெளிவாப் படம் போட்டிருக்கும்போது எதுக்கு எறங்குனான்னு கேக்குது சார்."

"அதத்தானுங்க நாங்களும் கேக்கறோம்னு சொல்லுங்க" என்றார் மேனேஜர்.

அரசு ஆஸ்பத்திரிப் பிணவறைக்கு நானும் போனேன். உள்ளே போகவில்லை, வாசலில் நின்றேன். பாதி திறந்த கதவு வழியாக அவன் கையும் அவள் கையும் மட்டும் தெரிந்தன. அவள் அவனுடைய கையைத் துணிக்கு வெளியே எடுத்தாள். உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே பட் பட்டென்று அடித்தாள். சொன்ன பேச்சுக் கேட்காத குழந்தையை அடிப்பார்களே, அந்த அடி. எத்தனை அடி என்று எண்ணாமல் வெளியே வந்துவிட்டேன்.

நவம்பர் 4, சனி

இன்று வேலைக்குப் போனேன், பிரஷைத் தொடவில்லை. கைகூப்பும் பெண் விரல் இல்லாமல் நிற்கிறாள்.

இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். இருபத்தொன்றாம் தேதிப் பக்கத்தில் 'செவ்வாய்க்கிழமை மாட்டிவிட வேண்டும்' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. மாட்டவில்லை. மறுநாளும் மாட்டவில்லை. பத்து நாள் அந்த வாசலில் நான்கு ஓட்டைகளும் அவர்களால் படிக்க முடியாத ஒரு தமிழ்ச் சொல்லும்தான் இருந்தன. பலகையை எடுத்துவிட்டார்கள் என்றால் ஆபத்தும் போய்விட்டது என்றுதான் எவனும் நினைப்பான். நான் ஒரு பெண்ணுக்குச் சேலை மடிப்பு வரைந்துகொண்டிருந்தேன். முப்பத்தொன்றாம் தேதி, அவன் உடம்பு இன்னும் ஆம்புலன்ஸில் ஏறுவதற்குள், மேனேஜர் சொன்னார், நான் மாட்டினேன். நான்கு போல்ட்டையும் நானே முறுக்கினேன். எழுதிவிட்டேன்.

சாயங்காலம் வசந்தாமணியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நீங்க கழட்டுனது வேற யாருக்குத் தெரியும்?"

"மேனேஜருக்கு. எனக்கு. இந்த டைரிக்கு."

"அந்தப் பக்கத்தக் கிழிச்சு அடுப்புல போடுங்க மாமா. நீங்களாவா கழட்டுனீங்க? அவங்க சொன்னாங்க, செஞ்சீங்க. புள்ளைக்கு இன்னும் ஆறு மாசம் படிப்பு இருக்குது. இப்பப் போயி வேலைய உட்டுட்டு, போலீசு கோர்ட்டுன்னு அலைவீங்களா?"

சரி என்றேன். உலை வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"செத்த புள்ளையவா அடிச்சா?"

"ஆமா."

"ஊருக்குப் போயும் அவனத் திட்டிட்டேதான் இருப்பாளா?"

நான் டைரியை மூடி வைத்தேன்.

"நீங்க வரைஞ்சதப் பாத்துட்டுத்தானே திட்டறா" என்றாள். அப்புறம் சோறு போட்டாள். பக்கத்தைக் கிழிப்பதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

மின்மயானத்தில் எரித்துவிட்டார்களாம். அவ்வளவு தூரம் உடம்பைக் கொண்டுபோக முடியாது என்று ஜெயபிரகாஷ் ஏற்பாடு செய்தார். எலும்பைக் கொண்டுபோய் அவர்கள் ஊர் ஆற்றில் விட வேண்டுமாம். நாளை மதியம் ஈரோட்டில் இருந்து ரயில்.

ஜெயபிரகாஷுக்குப் போன் செய்து, அந்தம்மாவிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நீங்கள் இந்தியில் சொல்வீர்களா என்று கேட்டேன்.

"என்ன விஷயமுங்ணா?"

"அந்த போர்டு..."

"குழந்தைவேலண்ணா" என்றார். "அந்தம்மா இப்பத்தான் மனசத் தேத்திட்டு இருக்குது. நீங்க எதையாச்சும் சொல்லி, நான் எதையாச்சும் சொல்லி, எதுக்குங்ணா? நிம்மதியாப் போகட்டும் உடுங்க."

அவர் வாய் வழியாகப் போனால் அது எதுவாகப் போய்ச் சேரும் என்று புரிந்தது. எனக்கோ அவள் பாஷையில் ஒரு சொல்கூடத் தெரியாது. மன்னிப்பு என்பதற்கு என்ன சொல்வார்கள் என்றுகூடத் தெரியாது.

பெட்டியில் கவின்மதியின் பழைய டிராயிங் நோட்டு ஒன்று இருந்தது. எடுத்து வைத்திருக்கிறேன். ஆறு பக்கம் வெள்ளையாக இருக்கிறது.

நவம்பர் 6, திங்கள்

வேலைக்கு லீவு சொல்லவில்லை. போகவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஈரோடு ஜங்ஷனில் இருந்தேன். ஜெயபிரகாஷ் அவர்களைப் பிளாட்பாரத்தில் உட்கார வைத்து, சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் வரைக்கும் டீக்கடைக்குப் பின்னால் நின்றேன். ஐம்பத்தொரு வயதில் திருடன் மாதிரி ஒளிந்து நின்றேன்.

அவள் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் துணியில் கட்டிய சின்னப் பானை பக்கத்தில், சாப்பாட்டுப் பொட்டலத்துக்கும் பைக்கும் நடுவில் இருந்தது. மடியில் வைத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்ததும் சித்தப்பா எழுந்து நின்று கும்பிட்டார். எனக்குக் கூசியது. நான் தரையில் உட்கார்ந்து நோட்டைப் பெஞ்சின்மேல் வைத்து வரைய ஆரம்பித்தேன். தலைக்கு மேலே ஒலிபெருக்கி மூன்று பாஷையில் கத்திக்கொண்டிருந்தது. அதில் அவளுடைய பாஷை இல்லை.

முதல் கட்டம். தொட்டி அறை வாசல், மண்டையோட்டுப் பலகை, எதிரே பதினோரு பேர். அதில் ஒருவன் தொண்டையைப் பிடித்துக்கொண்டு விழுகிறான். மற்றவர்கள் சிரிக்கிறார்கள். வரைந்துவிட்டு விழுகிறவனைக் காட்டி, பானையைக் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. செத்ததைத்தான் வரைந்திருக்கிறேன் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எழுந்தேன். அத்தனை பேர் பார்க்க, என் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, பிளாட்பாரத்தில் சாய்ந்து, காலை உதறினேன். எழுந்து சிரித்தேன். மறுபடியும் பானையைக் காட்டினேன். உங்கள் மகனுக்கு இது தெரியும். இந்தப் படத்தின் அர்த்தம் அவனுக்குத் தெரியும். சித்தப்பா மெதுவாக ஏதோ சொன்னார். அவள் நோட்டைப் பார்த்தாள்.

இரண்டாம் கட்டம். அதே வாசல், வாழைக்கன்று, மாலை. ஒரு ஆள் ஸ்பேனரால் பலகையைக் கழற்றுகிறான். கீழே வரிசையாகப் பத்துச் சூரியன் வரைந்தேன். பத்து நாள்.

மூன்றாம் கட்டம். வாசலில் நான்கு ஓட்டை மட்டும். மகன் தொட்டிக்குள் இறங்குகிறான்.

நான்காம் கட்டம். மகன் படுத்துக் கிடக்கிறான். அந்த ஆள் பலகையைத் திரும்ப மாட்டுகிறான். இன்னொரு ஆள் கேமராவைப் பிடித்து நிற்கிறான்.

அவள் ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்து நகர்த்தினாள். இரண்டாம் கட்டத்தில் பலகை கழற்றும் ஆளில் வந்து விரல் நின்றுவிட்டது. பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கழற்றியதும் தன் மகன்தானா என்று கேட்கிறாள். இவ்வளவு வரைந்தும், இதிலும் குற்றம் அவன் தலையிலேயே போய் விழப் பார்க்கிறது. பென்சிலை மறுபடியும் எடுத்து, கழற்றும் ஆளுக்கு ஒரு மூக்குக் கண்ணாடி வரைந்தேன். மாட்டும் ஆளுக்கும் ஒரு மூக்குக் கண்ணாடி.

அவள் அந்தக் கண்ணாடிகளைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் கண்ணாடியைப் பார்த்தாள். நான் என் நெஞ்சில் கை வைத்தேன்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திரும்பிப் பானையை எடுத்து மடியில் வைத்தாள். துணியின் மேல், ஒரு இடத்தை, உள்ளங்கையால் தடவ ஆரம்பித்தாள். பிணவறையில் அடித்த அதே கைதான். குனிந்து பானையிடம் என்னவோ சொன்னாள், நிறுத்தாமல் சொன்னாள். அவளுடைய பாஷையில் மன்னிப்புக்கு என்ன சொல் என்று எனக்கு இப்போதும் தெரியாது. ஆனால் அதைத்தான் சொன்னாள். நான் கேட்க வேண்டியதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

சித்தப்பா அந்தத் தாளை நோட்டிலிருந்து கிழித்து வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதன் அடியில் விரலை வைத்து, காற்றில் கையெழுத்துப் போடுவது போலக் காட்டினார். விவரமான மனிதர். இதை அவர் எங்கே கொண்டுபோய்க் காட்டினாலும் என் வேலை அன்றோடு போகும், அதோடு நிற்கவும் நிற்காது. கவின்மதியின் ஆறு மாதம் நினைவுக்கு வந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அப்புறம் எழுதினேன். செ. குழந்தைவேலு, பெயிண்டர். தேதி, ஊர், போன் நம்பர். அக்டோபர் 21-ஆம் தேதி கழற்றியது நான், 31-ஆம் தேதி மாட்டியது நான், இரண்டும் மேனேஜர் சொல்லித்தான் என்று தமிழிலும் எழுதினேன்.

எழுதி முடித்ததும் அவள் தாளை வாங்கிக்கொண்டாள். மகன் இருக்கும் மூன்று கட்டத்திலும் மாறி மாறி விரலை வைத்தாள். அவன் தலைமேல் வைத்து, என்னிடம் திருப்பிக் காட்டி, மறுபடியும் வைத்தாள். என்ன கேட்கிறாள் என்று முதலில் புரியவில்லை. எங்கள் தொழிலில் மனிதனுக்கு முகம் கிடையாது. ஒரு வட்டம் போட்டால் அதுதான் தலை. எந்த ஊர்க்காரனும் அதைத் தானென்று நினைத்துக்கொள்ள வேண்டும், அதற்காக அப்படி. எனக்குக் கண்ணாடி போட்டிருந்தேன். அவனுக்கு வெறும் வட்டம். அவன் முகத்தை வரையச் சொல்கிறாள்.

பென்சிலை எடுத்தேன். வட்டத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஒன்றும் வரவில்லை. அவன் எனக்கு இரண்டடி தூரத்தில் விழுந்து நடித்தான், நான் சிரித்தேன், நூற்றுக்கு நூறு போட்டேன். அவன் சரியாக நடிக்கிறானா என்று பார்த்தேனே தவிர அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷமாக வந்துபோன எவன் முகமும் எனக்கு நினைவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தலையை ஆட்டினேன். தெரியாது.

அதுவும் அவளுக்குப் புரிந்தது.

அவள் பென்சிலை எடுத்தாள். பிடித்துப் பழக்கமில்லை, முழுக் கையாலும் பிடித்துக்கொண்டாள். வட்டத்துக்குள் இரண்டு கண் வைத்தாள். புருவம் இழுத்தாள். இடது புருவத்தில் நடுவே ஒரு இடைவெளி விட்டாள், அந்த இடத்தைத் தன் புருவத்தில் தொட்டுக் காட்டினாள். காது வைத்தபோது அழுத்தியதில் தாள் கிழிந்தது. வாய் வரைந்து, அதில் ஒரே ஒரு பல் போட்டாள். ரயில் வருகிறது என்று சித்தப்பா பைகளைத் தூக்கிவிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. தாளை என் பக்கம் திருப்பி, என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். நான் பார்க்கிறேனா என்று என்னையே பார்த்துக்கொண்டு, வண்டி வந்து நிற்கிற வரைக்கும் பிடித்திருந்தாள்.

இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. காது இரண்டும் கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும். மேல் பல் ஒன்று மற்றதைவிட முன்னால் வந்திருக்கும், சிரித்தால் தெரியும். அதுதான் சோம்ராய்.